பாவம் பார்க்காதே, பாயிண்ட் போடு!

கிள்ளானில் எங்கள் மாமா வீட்டு ஹாலில் ஒரு சாய்வு நாற்காலி உண்டு. அந்த நாற்காலியிலேயே இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தார் மாமா. முப்பது வருஷம் லோரி ஓட்டியவர். போர்ட் கிள்ளானில் கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஜொகூர் போய், விடிவதற்குள் பாதி வழி திரும்பியிருப்பவர். இனிப்புநீர் முதலில் அவருடைய கால் விரலைக் கேட்டது. பிறகு பாதத்தைக் கேட்டது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே இருந்த அத்தனையையும் வாங்கிக்கொண்டுதான் விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, அத்தை டிவி ரிமோட்டை அவர் கையில் வைத்து, "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா உட்காருங்க" என்றார். அன்பினால் சொன்னதுதான். ஆனால் ஆஸ்பத்திரி விட்டுவைத்த மீதி மனிதனை அந்த ஒரு சொல் எடுத்துக்கொண்டது.

சும்மா உட்காருங்க!

நம் வீடுகளில் இதைவிடக் கொடிய வார்த்தை வேறு இருக்கிறதா?

பக்கத்து லோரோங்கில் கைப்பேசி பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். குழந்தையிலேயே போலியோ வந்து இரண்டு காலும் சூம்பியவர். பக்கச் சக்கரம் பூட்டிய மோட்டாரில் வந்து வாசலில் நின்று ஹாரன் அடிப்பார். "மாமா, சனிக்கிழமை டேவானுக்கு வாங்க, பிங் போங் ஆடுவோம்." மாமா முகத்தைத் திருப்பிக்கொள்வார். "போடா, எனக்கென்ன பிங் போங் ஆடுற வயசா, காலா?" இப்படி மூன்று வாரம். நான்காவது வாரம் மாமா கிளம்பினார். ஆட்டத்துக்காக இல்லை. திரும்பும் வழியில் மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கலாம் என்று நான் ஆசை காட்டியிருந்தேன், அதற்காக. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனவன் நான்தான். அதனால் அன்று நடந்ததை முழுக்க என் கண்ணால் பார்த்தேன்.

சக்கர நாற்காலி மேசைப் பந்தில் ஒரு விதி உண்டு. சர்வீஸ் போடும் பந்து எதிராளியின் பின்கோட்டைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும். பக்கவாட்டில் வழுக்கிப் போனால் செல்லாது, மறுபடி போட வேண்டும். மாமா போட்ட முதல் நான்கு பந்தும் பக்கவாட்டில் ஓடின. ஐந்தாவது வலையில் மாட்டியது. கைப்பேசிக்கடை அண்ணன் சிரிக்கவும் இல்லை, 'பரவாயில்லை' என்று சொல்லவும் இல்லை. மேசையின் இடது மூலையையே குறிவைத்து அடித்துக்கொண்டிருந்தார். மாமாவின் கை அங்கே எட்டவில்லை என்று இரண்டாவது பந்திலேயே கண்டுபிடித்துவிட்டார். பதினொன்றுக்கு இரண்டு. அந்த இரண்டும் அண்ணன் பந்தை வெளியே அடித்ததில் வந்த புள்ளிகள்.

நான் குனிந்து அவர் காதில் சொன்னேன்: "அண்ணே, கொஞ்சம் விட்டுக் குடுங்களேன். பாவம், முதல் நாள்."

அவர் மட்டையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "பாவம் பார்க்குற வேலைய வீட்டுல வச்சுக்குங்க தம்பி. இங்க பாயிண்டு மட்டுந்தான்."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷமாக எங்கள் குடும்பமே சேர்ந்து மாமாவுக்குச் செய்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். நாங்கள் பாவம் பார்த்தோம். அவர் பாயிண்ட் போட்டார்.

திரும்பும் வழியில் மாமா தே தாரிக்கை மறந்துவிட்டார். ஒரு பேச்சும் இல்லை. ஜாலான் தெங்கு கிளானா பக்கம் எங்கள் கார் நெரிசலில் நின்றபோது, திடீரென்று முன்னால் இருந்த பலகையில் கையால் ஓங்கி அடித்தார். "அந்தப் பய அந்த ஒரு மூலையிலேயே போட்டுப் போட்டு அடிக்கிறான்டா! நாற்காலிய அரை அடி இடது பக்கம் தள்ளி வச்சிருந்தா எட்டியிருக்கும்!" என் மாமா கோபப்பட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அழுதிருக்கிறார், புலம்பியிருக்கிறார், பேசாமல் கிடந்திருக்கிறார். கோபம் மட்டும் வரவில்லை. தோற்ற கோபம் வருகிறது என்றால் ஜெயிக்க ஆசை இருக்கிறது என்று அர்த்தம். ஜெயிக்க ஆசைப்படுகிறவனுக்கு நாளை என்று ஒரு நாள் இருக்கிறது. அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் அத்தையிடம் சொன்ன முதல் வார்த்தை: "அந்த டிவிய அணை."

உடல் குறையோடு வாழும் ஒருவரை விளையாட்டுக்குள் இழுப்பது எது என்று மேடைபோட்டுப் பேசுகிறவர்கள் மன உறுதி, தியாகம், சாதனை வெறி என்று பெரிய பெரிய சொற்களாக அடுக்குகிறார்கள். நான் மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவன். அங்கே நான் கண்டது ஒரு பசி. தன்னை அளந்து பார்க்கச் சொல்லும் பசி. எத்தனை மீட்டர், எத்தனை வினாடி, எத்தனை கிலோ, எத்தனை புள்ளி, சொல்! குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்! வீட்டில் உனக்கு யாரும் உண்மை சொல்வதில்லை. ஒரு குவளைத் தண்ணீரை நீயே எடுத்துக் குடித்தாலும் கைதட்டுகிறார்கள். அந்தக் கைதட்டல் உள்ளே போய் அரிக்கிறது. விளையாட்டுக் களத்தில்தான் ஒருவன் உன்னைத் தோற்கடிக்க முழுப் பலத்தோடு வருகிறான். அவன் உனக்குத் தருகிற மரியாதை அது!

தம்பி, தங்கை, அண்ணா, அக்கா, இந்தப் பக்கத்தை நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிற நீங்கள்தான். உங்களோடுதான் பேசுகிறேன்.

நம் சமூகத்துக்கு இது அடுத்த வீட்டுச் செய்தி அல்ல. 2019இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர்! கிள்ளானிலும் காப்பாரிலும் பூச்சோங்கிலும் எந்தத் திருமண மண்டபத்தில் வேண்டுமானாலும் போய் நின்று பாருங்கள், கால் விரலை இழந்த ஒரு பெரியவர், பாதத்தை இழந்த ஒரு சித்தப்பா கண்ணில் படுவார். மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போன இளைஞர்களை இதற்கு மேல் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனை பேரும் எங்கே? ஹாலில். ரிமோட்டோடு. நம் பாசம் அவர்களை அங்கே பூட்டி வைத்திருக்கிறது.

பாசத்தால் பூட்டி வைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று உலகம் ஒரு முறை பார்த்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலம் வரைக்கும் முதுகுத்தண்டு முறிந்தவர்களைப் படுக்கையில் போட்டு, அசையாமல் பார்த்துக்கொள்வதே வைத்தியம் என்று இருந்தது. படுக்கைப் புண்ணும் சிறுநீரகத் தொற்றும் சேர்ந்து பெரும்பாலானவர்களை ஓரிரு ஆண்டுகளில் கொண்டுபோயின. நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மன் என்ற யூத மருத்துவர், 1944இல் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டுப் பிரிவைத் தொடங்கினார். படுத்தவர்களை எழுப்பி உட்கார வைத்தார். உட்கார்ந்தவர்கள் கையில் கோலைக் கொடுத்துச் சக்கர நாற்காலிப் போலோ ஆட வைத்தார். பிறகு வில்லைக் கொடுத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அந்த மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் அம்பு எய்தார்கள். பதினாறே பேர்! இன்றைய பாராலிம்பிக் என்ற ஆலமரத்துக்கு விதை அதுதான். 1960இல் ரோமில் அது 23 நாடுகளின் 400 வீரர்களாக வளர்ந்து நின்றது. குட்மன் அவர்களுக்கு அனுதாபத்தைக் கொடுத்திருந்தால் நல்ல தலையணை கிடைத்திருக்கும். அவர் இலக்கைக் கொடுத்தார்.

இலக்கு என்றதும், அதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுக் கதை என்று ஒதுங்காதீர்கள். 2016 செப்டம்பரில் ரியோ பாராலிம்பிக்கில் ஒரு நாள் இடைவெளியில் நடந்த இரண்டைச் சொல்கிறேன். செப்டம்பர் 9, சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிப் பையன் மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினான். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும்போது பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா சரோஜா காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். மறுநாள், செப்டம்பர் 10, பெர்லிஸ் மாநிலத்து முகமட் ரிட்சுவான் முகமட் பூசி 100 மீட்டரை 12.07 வினாடியில் ஓடி முடித்தார். பெருமூளை வாதத்தோடு பிறந்தவர். பாராலிம்பிக்கில் மலேசியா கண்ட முதல் தங்கம் அது. அதே ரியோவில் குண்டு எறிதலில் முகமட் சியாட் சோல்கெப்லியும், நீளம் தாண்டுதலில் அப்துல் லத்திப் ரொம்லியும் இன்னும் இரண்டு தங்கம் சேர்த்தார்கள். ஒலிம்பிக்கில் ஒரு தங்கத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்த நாட்டுக்கு, 'குறை உள்ளவர்கள்' மூன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்!

மாரியப்பனிடம் எனக்குப் பிடித்தது அந்தத் தங்கம்கூட இல்லை. அதற்கப்புறம் நடந்தது. தோக்கியோவில் 1.86, வெள்ளி. பாரிஸில் 1.85, வெண்கலம். உயரம் குறைகிறது, பதக்கத்தின் நிறம் மாறுகிறது, மனிதர் மறுபடியும் வந்து கம்பிக்கு முன்னால் நிற்கிறார். தங்கம் கிடைத்ததோடு வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஊரே காலமெல்லாம் கொண்டாடியிருக்கும். அவருக்கு வேண்டியது கொண்டாட்டமாக இருந்திருந்தால் 2016லேயே நிறுத்தியிருப்பார். கம்பி வேண்டும் அவருக்கு. தன்னைவிட உயரமாக எதிரே நிற்கிற அந்தக் கம்பி.

பளுதூக்கலை ஒரு முறை நெருங்கிப் போய்ப் பாருங்கள், நான் சொல்வது இன்னும் தெளிவாகப் புரியும். வீரர் பலகையில் மல்லாந்து படுக்கிறார். கால்களைப் பட்டையால் பலகையோடு கட்டுகிறார்கள். அந்த நேரத்தில் கால் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இங்கே குறையை வைத்துப் பிரிவு கிடையாது, உடல் எடைதான் பிரிவு. கம்பியைத் தாங்கியிலிருந்து எடுத்து மார்புக்கு இறக்க வேண்டும். மார்பில் தொட்டதும் ஆடாமல் அசையாமல் நிறுத்த வேண்டும். அந்தக் கணம் இருக்கிறதே, அங்கே மூச்சு இல்லை, துள்ளல் இல்லை, உலகத்தின் மொத்தக் கனமும் நெஞ்சில். அப்புறம் இரண்டு கையும் ஒரே சமமாக மேலே போக வேண்டும். ஒரு கை கொஞ்சம் முந்தினாலும் நடுவர் ஏற்கமாட்டார். மூன்று நடுவர், மூன்று விளக்கு. சரவாக், செரியான் பக்கத்துப் பையன் போனி புன்யாவ் கஸ்டின் 72 கிலோ பிரிவில் தோக்கியோவில் தூக்கியது 228 கிலோ. தன் எடையைப்போல மூன்று மடங்குக்கும் மேல்! பாரிஸில் 232 கிலோவாக்கி மறுபடி தங்கம். இந்தப் பலகையில் நம் ஆளும் படுத்திருக்கிறார், மறந்துவிடாதீர்கள். பாராலிம்பிக்கில் மலேசியாவுக்காகப் பளு தூக்கியவர்களில் மாரியப்பன் பெருமாள் என்று ஒருவர் உண்டு. சேலத்து மாரியப்பனை அறிந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த மாரியப்பனைத் தெரியும்? தமிழ்ப்பள்ளிச் சுவரில் அவர் படம் எங்கே?

"நீங்கள் சொல்கிறவர்களுக்குக் கையாவது பலமாக இருக்கிறது, எனக்கு அதுவும் இல்லையே" என்கிறீர்களா? அப்படியானால் போச்சியாவைச் சொல்கிறேன், கேளுங்கள். சிவப்புப் பந்து ஆறு, நீலப் பந்து ஆறு, ஒரே ஒரு வெள்ளைப் பந்து. வெள்ளைக்கு யார் பந்து பக்கம் என்பதுதான் ஆட்டம். கையால் உருட்டலாம், காலால் உதைக்கலாம். கையும் காலும் ஒத்துழைக்காதவர்களுக்குச் சரிவுப் பலகை ஒன்று உண்டு. அதைத் திருப்பிவைக்க ஓர் உதவியாளரும் உண்டு. ஆனால் அந்த உதவியாளர் களத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும்! திரும்பிப் பார்க்கக் கூடாது. பலகை எந்தப் பக்கம் சாய வேண்டும், பந்து எவ்வளவு உயரத்திலிருந்து உருள வேண்டும், எல்லாம் விளையாடுகிறவரின் முடிவு. தலையசைவிலோ கண்ணசைவிலோ சொன்னாலும் சரி, அது அவர் சொல். காலையில் எந்தச் சட்டை போடுவது என்பதைக்கூட அடுத்தவர் முடிவு செய்கிற ஒரு வாழ்க்கையில், 'நான் சொல்கிறபடி நீ செய், திரும்பிப் பார்க்காதே' என்று சொல்ல ஓர் இடம்! இதைவிட என்ன ஊக்கம் வேண்டும்? நம் நாட்டு சியூ வெய் லுன் போச்சியாவில் தோக்கியோவிலிருந்து வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பியவர்.

இனி, நெஞ்சு எரிகிற ஒரு சம்பவம். 2021 ஆகஸ்ட் 31, நம் சுதந்திர தினம். தோக்கியோவில் சியாட் சோல்கெப்லி 17.94 மீட்டர் குண்டு எறிந்தார். உலகச் சாதனை என்று நாடே குதித்தது. சில மணி நேரத்தில் அந்தத் தூரம் பட்டியலிலிருந்தே அழிக்கப்பட்டது. போட்டிக்கு முன் வீரர்கள் கூடும் அறைக்கு அவர் தாமதமாக வந்தார் என்பது காரணம். தங்கம் யுக்ரேன் வீரருக்குப் போனது. அன்று எனக்கும் ரத்தம் கொதித்தது. சியாட் அறிவுசார் குறைபாடு உள்ளவர், அவருக்குக்கூட இப்படியா என்று நினைத்தேன். இப்போதும் அந்த வலி போகவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பார்க்கிறேன். நம் ஊர் விழாக்களில் இவர்களுக்கு எந்த விதியும் கிடையாது. தாமதமாக வந்தாலும் மேடை, தப்பாகப் பாடினாலும் பொன்னாடை. ஏனென்றால் நாம் அவர்களை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. விதி பாய்கிற இடத்தில்தான் வெற்றிக்கும் மதிப்பு இருக்கிறது. சியாட் அதன் பிறகும் குண்டைக் கீழே வைத்துவிட்டுப் போகவில்லை, தொடர்ந்து எறிந்தார். அடிபட்டவர் திரும்பி வருவது அங்கே தனக்கு உரிய ஓர் இடம் இருக்கிறது என்பதால்தான்.

காசைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். நம் அரசாங்கம் பாராலிம்பிக் வெற்றியாளர்களுக்கும் ஒலிம்பிக் வீரர்களுக்குச் சமமான வெகுமதி என்று அறிவித்தது. தங்கத்துக்கு 10 லட்சம் ரிங்கிட். ஒரு பிள்ளை இதை மனதில் வைத்துக்கொண்டு ஓடினால் அது பேராசை அல்ல. வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் கையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு, தன் உழைப்புக்கு ஒரு விலை இருக்கிறது என்று தெரிவது பெரிய விஷயம். ஓடட்டும்!

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. கையிலோ காலிலோ குறை இருக்கிற மகளை வெளியே காட்டினால் நாளை கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று விருந்தாளி வரும்போது அறைக்குள் அனுப்புகிற வீடுகள் நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னமும் இருக்கின்றன. காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசனைப் பாருங்கள். ஒரு கை சரியாக இயங்காதவர். கூலி வேலை பார்த்த அப்பாவே பயிற்றுவித்தார். 2024 பாரிஸில் பேட்மிண்டனில் வெள்ளி. அதே பிரிவில் அவர் பக்கத்திலேயே மேடையில் நின்று வெண்கலம் வாங்கியவர் திருவள்ளூர் மாவட்டத்து மனிஷா ராமதாஸ். பிறக்கும்போதே கை நரம்பு பாதிக்கப்பட்டவர். ஓசூர் நித்யஸ்ரீ சிவன் குள்ளமானவர்களுக்கான பிரிவில் இன்னொரு வெண்கலம். ஒரே பாராலிம்பிக், ஒரே விளையாட்டு, மூன்று தமிழ்ப் பெண்கள்! கை பாதிக்கப்பட்டவர்களின் அதே எஸ்.யு.5 பிரிவில் ஆண்கள் தங்கத்தைத் தோக்கியோவிலும் பாரிஸிலும் விடாமல் வைத்திருப்பவர் நம் கோலாலம்பூரில் பிறந்த சியா லீக் ஹோ. பேட்மிண்டன் மட்டை இல்லாத தமிழ் வீடு ஒன்றைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் காட்டிவிடுங்கள் பார்ப்போம். மட்டை இருக்கிறது. அதை அந்த மகளின் கையில் கொடுக்கத்தான் மனம் இல்லை.

ஆசிரியர்களே, நீங்களும் கேளுங்கள். நான் படித்த பள்ளியில், விளையாட்டுப் போட்டி நாளில் ஒரு காலை இழுத்து நடக்கும் என் நண்பனை மரத்தடியில் உட்கார வைத்து எல்லாருடைய காலணிகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆறு வருஷம் அவன் காலணி காத்தான். ஆறு வருஷமும் நாங்கள் ஓடினோம். அவன் ஓடுவானா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மாரியப்பனை முதலில் போட்டியில் சேர்த்துவிட்டவர் அவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அந்த ஓர் ஆசிரியர் மட்டும் அவரை மரத்தடியில் உட்கார வைத்திருந்தால்?

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் 'மனம் இருந்தால் மார்க்கம் உண்டு' என்று சொல்லிக் குறை உள்ளவர்களின் தலையிலேயே ஏற்றிவிட்டு நாம் கையைக் கழுவ முடியாது. பிரிக்பீல்ட்ஸ் போய் நின்று பாருங்கள். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம். நடைபாதையில் மஞ்சள் நிற மேடுவைத்த கற்கள் பதித்திருக்கிறார்கள், கோல் தட்டி நடப்பவர்களுக்கு வழி அதுதான். அந்த மஞ்சள் கோட்டின் மேல் மோட்டாரை நிறுத்திவிட்டு நாம் தோசை சாப்பிடப் போகிறோம்! பண்டிகைக் காலத்தில் பந்தல் போட்டு அந்தக் கோட்டையே மூடிவிடுகிறோம். ரயில் நிலையத்தில் மின்தூக்கி வேலை செய்யாத ஒரு நாள், சக்கர நாற்காலிக்காரருக்குப் பயிற்சி இல்லாத நாள். 2008இல் வந்த உடற்குறையோர் சட்டம் பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் அவர்களுக்குச் சம உரிமை உண்டு என்கிறது. மீறினால் என்ன தண்டனை என்று எழுதாமல் விட்டுவிட்டார்கள். ஊக்கம் உள்ளத்தில் பிறக்கிறது, உண்மைதான். ஆனால் அது டேவான் வரைக்கும் போய்ச் சேர ஒரு சரிவுப் பாதை வேண்டும். மோட்டாரை நகர்த்துங்கள்!

அதே பிரிக்பீல்ட்ஸில் கோல் தட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோல்பால் ஆட்டம் நினைவுக்கு வரும். பந்துக்குள் மணி. ஒரு பக்கத்துக்கு மூன்று பேர். கொஞ்சம் பார்வை உள்ளவர், சுத்தமாக இல்லாதவர், எல்லார் கண்ணையும் ஒன்றுபோல மறைத்துவிடுவார்கள். பார்வையாளர்கள் வாயைத் திறக்கக் கூடாது. 1.25 கிலோ பந்து பாய்ந்து வருகிற மணிச்சத்தத்துக்கு உடம்பைக் குறுக்கே வீசிப் படுக்கிறார்கள். வெளியே, பார்க்கிறவர்களின் உலகத்தில் அவர்கள் அனுசரித்துப் போகிறார்கள். உள்ளே, நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்காக அமைதி காக்கிறோம். தலைகீழாகப் புரண்டுவிட்ட அந்த உலகத்துக்குள் ஒரு முறை போனவர் மறுபடி மறுபடி ஏன் போகிறார் என்று இனிக் கேட்பீர்களா?

எழுந்திருங்கள்! எழ முடியாதவர் நாற்காலியின் சக்கரத்தைப் பிடியுங்கள்! டாக்டரிடம் போய், "என்ன விளையாடக் கூடாது?" என்று கேட்காதீர்கள். "என்ன விளையாடலாம்?" என்று கேளுங்கள். கால் எடுத்த இடத்தில் புண் ஆறிவிட்டதா, சர்க்கரை அளவு எப்படி, விளையாட்டுக்கு முன் என்ன சாப்பிட வேண்டும், எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உடற்குறையோருக்கான ஓ.கே.யூ. அட்டையை இன்னும் எடுக்காமல் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தால், திங்கட்கிழமை சமூக நல இலாகாவுக்குப் போய் மனுப் போடுங்கள். கோலாலம்பூர் கம்போங் பண்டானில் தேசிய வீரர்கள் பயிற்சி பெறும் பாராலிம்பிக் விளையாட்டு மையம் இருக்கிறது. முதல் ஆசியான் பாரா விளையாட்டுப் போட்டியை 2001இல் நடத்திய ஊர் இந்த ஊர். 2017இல் புக்கிட் ஜாலிலில் மறுபடியும் நடத்தியது. களம் உங்கள் வாசலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே போகத் தைரியம் வரவில்லையா? உங்கள் தாமான் டேவானில் ஒரு மேசை போதும். எதிரே ஓர் ஆள் போதும். அந்த ஆள் இரக்கம் இல்லாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

எதிரே நிற்க ஆள் இல்லை என்கிறீர்களா? அப்படியானால் நீங்களே அந்த ஆளாக இருங்கள். உங்கள் லோரோங்கில் இன்னொரு ஹாலில் இன்னொருவர் ரிமோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் வாசலில் போய் ஹாரன் அடியுங்கள். முதல் வாரம் முகத்தைத் திருப்புவார். இரண்டாம் வாரம் திட்டுவார். நான்காம் வாரம் வருவார். என் மாமாவை எந்தப் பேச்சாளரும் எழுப்பவில்லை. நான் எழுதும் இந்தக் கட்டுரை மாதிரி ஆயிரம் கட்டுரை வந்தாலும் எழுந்திருக்க மாட்டார். மூன்று வாரம் 'போடா' என்று வாங்கிக்கட்டிக்கொண்டு, நான்காவது வாரமும் வந்து ஹாரன் அடித்த ஒரு மனிதரால் எழுந்தார்.

போன சனிக்கிழமை மாமாவோடு டேவானுக்குப் போயிருந்தேன். இப்போது நாற்காலியை நான் தள்ளுவதில்லை, தள்ளினால் அதட்டுவார். மேசைக்கு அரை அடி இடதுபக்கமாகத் தானே நிறுத்திக்கொள்கிறார். உள்ளங்கையில் சக்கரம் உரசிய காய்ப்பு. சட்டைப் பையில் ஒரு மிட்டாய், சர்க்கரை இறங்கினால் வாயில் போட. ஐந்தாவது ஆட்டம் ஒன்பதுக்கு ஒன்பதில் வந்து நின்றது. மாமா சர்வீஸ் போட்டார், பந்து பின்கோட்டை உரசிக்கொண்டு போனது, அண்ணன் எட்டி எடுத்தார். எடுத்தவர் மறுபடி அதே இடது மூலையில் வைத்தார். மாமா இந்த முறை எட்டினார். எட்டி அடித்த பந்து மேசை விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அகலம் வெளியே போய் விழுந்தது. பத்துக்கு ஒன்பது. அடுத்த பந்தும் அண்ணனுக்கே.

"பதினொன்று, ஒன்பது," என்றார் அண்ணன், மட்டையைத் துடைத்துக்கொண்டே.

மாமா ஒன்றும் பேசவில்லை. கீழே உருண்டு கிடந்த பந்தை நாற்காலியிலிருந்தே குனிந்து எடுத்தார், விரல் நகத்தால் ஒரு தடவை தட்டிப் பார்த்தார், மேசையின் மேல் வைத்தார்.

"இன்னொன்னு போடு."